பழச்சட்டியில் இரண்டாவது கரண்டி

சத்தியம் ஐயா, சத்தியம்! நெல்லிக்கொம்பைச் சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியே சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் ஒடிந்து கூடிய என் இடது கால் அதே இடத்தில் இன்னொரு தடவை ஒடியட்டும், மழைக்காலம் முழுக்க உள்ளே குடையட்டும், அது போதாதென்றால் வலது காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பத்தோரு வருஷம் மலை பஸ்ஸில் கண்டக்டராக நின்றவன் நான், டிக்கெட் இல்லாமல் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட ஏற்றினதில்லை, பொய்யை ஏற்றுவேனா?

நெல்லிக்கொம்பையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. இருபத்துநாலு கட்டில், ஒரு டாக்டரம்மா, இரண்டு சிஸ்டர்கள், எப்போதும் சரியாகச் சாத்தாத ஒரு ஜன்னல், அந்த ஜன்னல் வழியாகத் தினமும் மூன்று மணிக்கு உள்ளே வந்து கட்டில் கட்டிலாக விசாரித்துவிட்டுப் போகும் பனிமூட்டம். நான்கு மணிக்குப் பனிமூட்டம் வெளியே போகும், சொந்தபந்தம் உள்ளே வரும். வெறுங்கையோடு நோயாளியைப் பார்க்கக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம், அதனால் வருகிறவர்கள் கையில் பழம் இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பழத்தை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகக்கூடாது, நோயும் அதே பையில் ஏறிக்கொண்டு வந்துவிடும் என்பதும் எங்கள் ஊர் வழக்கம். ஆக, பல்லே இல்லாத பாட்டியின் தலைமாட்டில் ஆப்பிள், வயிற்றால் போகிறவன் தலைமாட்டில் திராட்சை, வாந்தி எடுக்கிறவளுக்குச் சாத்துக்குடி என்று வந்து குவிந்து, தின்னவும் ஆளில்லாமல் திரும்பவும் வழியில்லாமல், திங்கட்கிழமை தோறும் கூடை கூடையாகப் பின்பக்கக் குழியில் போய் விழுந்தது.

அந்தக் குழிக்கு ஒரு கரடி வந்தது. முதல் வாரம் அந்தியில் வந்தது, இரண்டாம் வாரம் மத்தியானமே வந்தது, மூன்றாம் வாரம் காலை ஒன்பது மணிக்கு வந்து வெளிநோயாளிகள் பெஞ்சுக்குப் பின்னால் மரியாதையாக உட்கார்ந்துகொண்டது. முன்னால் இருந்தவர்கள், "நீங்க முன்னாடி போயிட்டு வாங்க," என்று இடம்விட்டு எழுந்து ஓடிப்போனார்கள். டாக்டரம்மா வந்து பார்த்தார், கரடிக்கு நோய் எதுவும் இல்லை என்று கண்டார், சமையல்கட்டுக்குப் போய், "பிலோமினா, இனிமே ஒரு பழம்கூட அந்தக் குழிக்குப் போகக்கூடாது," என்று சொல்லிவிட்டு வந்தார்.

பிலோமினாதான் ஆஸ்பத்திரியின் சமையல்காரி. ஐம்பது வயது, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு பொருள் வீணானால் உடம்பெல்லாம் அரிக்கும். அவளுடைய சமையல்கட்டில் வெள்ளைக்காரர் காலத்துப் போர்மா ஒன்று இருந்தது, விறகு எரித்துச் சூடேற்றுகிற செங்கல் அடுப்பு, பாதிரியார் ஒருவர் ரொட்டி சுடக் கட்டியது. வார்டுக்கு ரொட்டி சுட்டு எடுத்த பிறகும் மூன்று மணி நேரம் அது சூடாகவே இருக்கும், அந்தச் சூடு சும்மா போகிறதே என்று அவளுக்குப் பத்து வருஷமாக ஒரு அரிப்பு. டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு அவள் காய்ந்துபோன ரொட்டி ஓரங்களைப் பிய்த்து, டீக்குப் போக மீந்த பாலில் ஊறப்போட்டாள். அடிபட்ட ஆப்பிளில் கன்றின இடத்தை மட்டும் சீவினாள். ஆரஞ்சுத் தோலை மெல்லிசாக அரிந்து வெல்லப்பாகில் கொதிக்கவிட்டாள், ஆப்பிள் நடுத்தண்டையும் பேரிக்காய்த் தோலையும் அதே பாகில் போட்டுச் சாரம் இறங்கியதும் பிழிந்து எடுத்தாள். கறுத்த வாழைப்பழத்தை மசித்தாள், இரண்டு முட்டை உடைத்தாள், பட்டை ஒரு துண்டு நுணுக்கிப் போட்டாள், எல்லாவற்றையும் அகலமான தகரச் சட்டியில் அடுக்கடுக்காக இட்டு, அணைந்த போர்மாவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கடைசியில் அவள் கையில் மிஞ்சியது ஒரு பிடி விதையும் காம்பும்தான், அதையும் ரோஜாச் செடிக்குப் போட்டாள்.

மூன்று மணிக்கு வாசனை வந்தது. பனிமூட்டம் உள்ளே வருகிற நேரம் அது, வாசனை பனிமூட்டத்தோடு கலந்து, அன்றைக்கு அந்த மூட்டம் வெளியே போகாமல் வார்டிலேயே நின்றுவிட்டது. எறும்புகள் தரையை விட்டு அந்த மூட்டத்தின் மேல் வரிசையாக ஏறி நடந்தன, சிஸ்டர் அவற்றைத் துடைப்பத்தால் காற்றில் பெருக்கித் தள்ளினாள். சட்டியின் மேல்பக்கம் முறுகலாக, அடிப்பக்கம் குழைவாக, நாலு பழமும் ஒரே பழமாக இருந்த அந்தப் பதார்த்தத்துக்கு யாரோ பழச்சட்டி என்று பெயர் வைத்தார்கள்.

முதல் கரண்டி மூன்றாம் கட்டில் ஹாலனுக்குப் போனது. காரட் விவசாயி, கல்லடைப்புக்காக வந்தவன். வாயில் போட்டான், கண்ணை மூடினான், வாயைத் திறந்தான். வாய் அவனுடையது, குரல் அவன் மச்சானுடையது.

"மச்சான், உன் காரட் காட்டுக்கு வர்ற தண்ணிய மூணு வருஷமாத் திருப்பி விட்டுக்கிட்டது நான்தான். சொல்லிடணும்னுதான் வந்தேன். ஆறு ஆரஞ்ச வெச்சிட்டுத் திரும்பிட்டேன்."

சிஸ்டர் ஓடிவந்து அவன் வாயில் தெர்மாமீட்டரைச் செருகினாள், பார்த்தாள், உதறினாள், கேஸ் ஷீட்டில் எழுதினாள்: 'ஜுரம் இல்லை. குரல் மாற்றம்.' மறுநாள் நாலு மணிக்கு மச்சான் இன்னொரு ஆறு ஆரஞ்சோடு வந்தபோது ஹாலன் எழுந்து உட்கார்ந்து, "தண்ணிய ஆளுக்கு ஒரு நாளாப் பிரிச்சுக்கலாம், ஆரஞ்ச வெச்சிட்டு உக்காருடா திருட்டுப் பயலே," என்றான். மச்சான் உட்கார்ந்தான். எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்கவில்லை. தெரிந்துவிட்டதே என்று ஒரு பெருமூச்சு விட்டான், ஹாலனுக்குக் கல் அன்றைக்கே இறங்கிவிட்டது.

அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஏதோ சொல்லத்தான் வருகிறார்கள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சொல்லையும் கழற்றி வைத்துவிட்டு, "எப்படி இருக்கீங்க, தூக்கம் வருதா," என்று கேட்டுவிட்டுப் பழப்பையை நீட்டிவிட்டுப் போகிறார்கள். புதுசாகத் தின்றால் பழம் வாய் திறக்காது. நாலு நாள் கேட்பாரற்றுக் கிடந்து, கனிந்து, இன்னும் ஒரு நாள் போனால் அழுகிவிடும் என்கிற நிலையில் பிலோமினாவின் போர்மாவுக்குள் போய் வந்தால்தான் பேசும். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது, ஊரில் யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த சட்டி எப்போது என்றுதான் கேட்டார்கள்.

முதல் வாரம் எல்லாப் பழத்தையும் ஒரே சட்டியில் போட்டதில் பெரிய குழப்பம். பன்னிரண்டாம் கட்டில் பாட்டி ஒரு வாய் போட்டுக்கொண்டு, ஐந்தாம் கட்டில் பெண்ணுக்காக வந்த லாரி கிளீனரின் குரலில், "நீ இல்லாம டீ கசக்குது புள்ளே," என்று சொல்லிவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அதன்பிறகு பிலோமினா பழைய பால்பவுடர் டின்களைத் தட்டிச் சட்டிகளாக்கி, அடியில் ஆணியால் கட்டில் நம்பரைக் கீறி, அவரவர் பழத்தை அவரவர் டின்னில் சுட்டாள்.

ஊர் பழகிக்கொண்டது. எந்த அதிசயத்துக்கும் நெல்லிக்கொம்பைக்கு ஒரு வாரம் போதும். சந்தையில் பழக்காரர் சலித்துக்கொண்டார், முன்பெல்லாம் அரை நிமிஷத்தில் வாங்கிப் போனவர்கள் இப்போது சாத்துக்குடியைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் யோசிக்கிறார்கள், யோசித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று. மனசில் ஒளிக்க எதுவோ இருந்தவர்கள் பிஸ்கட் பாக்கெட் வாங்கிவர ஆரம்பித்தார்கள், ஏனென்றால் பிஸ்கட் ரகசியம் காக்கும். யாராவது பிஸ்கட்டோடு உள்ளே வந்தால் வார்டே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும். மாமியாரிடம் நேரில் சொல்ல முடியாததை வைத்திருந்த மருமகள்கள் மாதுளையாகப் பார்த்து வாங்கிவந்து, "நல்லாக் கனியட்டும் அத்தே," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பஞ்சாயத்து வார்டு மெம்பர் ஒருவர் ஆப்பிள் கூடையோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார், நாலு நாள் கழித்து அந்தக் கூடை, "மொத்தம் எத்தன கட்டிலு? கட்டிலுக்கு எத்தன ஓட்டு?" என்று மட்டும் கேட்டது. பாவமன்னிப்புக்கு வருகிற கூட்டம் குறைந்துவிட்டது என்று பாதிரியாருக்கு வருத்தம், மாரியம்மன் கோயில் பூசாரிக்கு, தட்சணை இல்லாமல் அருள்வாக்கா என்று வருத்தம், இரண்டு பேரும் சேர்ந்து வந்து ஆளுக்கொரு கரண்டி சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்தே திரும்பிப் போனார்கள். டாக்டரம்மா எதற்கும் ஆச்சரியப்படுகிறவர் இல்லை. தூக்க மாத்திரை பாதியாகக் குறைந்ததைப் பார்த்தார், கேஸ் ஷீட்டில் எழுத ஆரம்பித்தார்: 'பழச்சட்டி, சாப்பாட்டுக்குப் பின்.'

எல்லாம் ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் அதுதான் பொய். பதினொன்றாம் கட்டிலில் ராயப்பன் என்று ஒரு தோட்டக்காரர், எட்டு மாதமாகப் படுக்கை. அவருடைய டின்னில் முதல் கரண்டியை எடுத்து வாயில் போட்டதும் அவர் மனைவியின் குரல் வந்தது: "சீக்கிரம் முடிஞ்சாத் தேவல."  ராயப்பன் கரண்டியை வைத்துவிட்டார். பிலோமினா அந்தக் கரண்டியைத் திரும்ப எடுத்து, டின்னின் அடிவரைக்கும் விட்டுத் தோண்டி, "இதையும் சாப்பிடுங்கண்ணே," என்று ஊட்டினாள். அதே குரல் வந்தது: "நீங்க முனகுறது என் காதுலயே நிக்குது. நீங்க போயிட்டா அதக் கேக்காம நான் எப்படித் தூங்குவேன்?" அன்றைக்கு பிலோமினா ஒரு சட்டம் போட்டாள், பழச்சட்டியில் ஒரு கரண்டியோடு யாரும் எழுந்திருக்கக்கூடாது, மேலே இருப்பது வேறு, அடியில் ஊறியிருப்பது வேறு.

இனிமேல்தான் ஏழாம் கட்டில்.

ஏழாம் கட்டிலில் துரைசிங்கம், தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டாம் கட்டிலில், வாசலை ஒட்டி, நான். என் கால் எப்படி ஒடிந்தது என்று கேட்டவர்களிடம் காட்டெருமை முட்டியது என்று சொன்னேன், சிஸ்டர்களிடம் இரண்டு காட்டெருமை என்று சொன்னேன். குழாயடிப் பாசியில் வழுக்கியது என்பது உங்களுக்கு மட்டும். துரைசிங்கத்துக்குச் சர்க்கரை, இடது பாதத்தில் ஒரு சின்னப் புண், அது கட்டைவிரலைக் கறுப்பாக்கி மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரே மகள், ஜெசிந்தா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் சொல்லாமல் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு, சாயங்காலம் ஆசீர்வாதம் கேட்டு வந்தாள். சாதி, மதம் என்று ஊர் நூறு காரணம் சொல்லும், துரைசிங்கத்துக்குப் பொறுக்காமல் போனது அவள் சொல்லாமல் போனதுதான். தோட்டத்து லைன் வீட்டுச் சனம் அத்தனை பேர் முன்னாலும், "இனிமே நான் இருக்கிற வாசல்ல நீ கால் வெச்சா, என் கால நானே வெட்டிக்குவேன்," என்று சொன்னார். ஃபிட்டர் வார்த்தை, முடுக்கினால் முடுக்கினதுதான். அவளும் அவர் மகள்தானே, அதற்குப்பிறகு கால் வைக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தாள். வார்டு வாசற்படிக்கு வெளியே, கால்விரல் நுனி படியைத் தொடாத இடத்தில் நின்றாள். அவளைப் பார்த்த அந்த நொடியிலேயே துரைசிங்கம் கண்ணை மூடிக்கொண்டு தூங்க ஆரம்பித்தார், குறட்டைகூட விட்டார். அரை மணி நேரம் அவர் குறட்டை விட்டார், அரை மணி நேரம் அவள் நின்றாள். பிறகு கையை நீட்டி என்னிடம் ஒரு பையைக் கொடுத்தாள்.

"பெரியவரே, இத ஏழாம் கட்டில்ல வெச்சிடுறீங்களா? எழுப்ப வேண்டாம்."

போய்விட்டாள். பையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். சர்க்கரை நோயாளிக்கு வாழைப்பழம் கொண்டுவரக்கூடாது என்பது ஊரில் ஆட்டுக்கும் தெரியும். ஒன்பதாம் கட்டிலிலிருந்து ஒருத்தன் சிரித்தான். துரைசிங்கம் சிரிக்கவில்லை, கண்ணைத் திறந்து அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குச் சர்க்கரை வந்ததுகூட மகளுக்குத் தெரியாது என்பதை அந்தப் பழம் சுடாமலேயே சொல்லிவிட்டது.

"குப்பையில போடு," என்றார் சிஸ்டரிடம். பிலோமினா வந்து எடுத்துக்கொண்டு போய்ச் சமையல்கட்டு உத்தரத்தில் தொங்கவிட்டாள்.

மறுநாள் டாக்டரம்மா அவருடைய காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "துரைசிங்கம், சுத்தி வளைக்கல. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். கோயமுத்தூருக்கு எழுதித் தர்றேன். சனிக்கிழமைக்குள்ள எடுத்தா கால் மட்டும் போகும். தாண்டினா ஆளே போகும்," என்றார்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஏன்?"

"எங்கிட்ட இருக்கறதே ரெண்டு காலு."

திங்கள், செவ்வாய், புதன். டாக்டரம்மா கெஞ்சினார், பாதிரியார் ஜெபித்தார், ஹாலன் வீடு திரும்பியவன் மறுபடி காரட்டோடு வந்து திட்டினான். துரைசிங்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலில் கால் கறுத்தது, சமையல்கட்டில் வாழைப்பழம் கறுத்தது, எது முந்தும் என்று வார்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"கண்டக்டரே, இந்தக் கால இப்ப எடுத்தா யார் தலையில விழும் தெரியுமா?"

"டாக்டரம்மா தலையில," என்றேன்.

"அவ தலையில. நான் அன்னிக்குச் சொன்ன சொல்லு ஊருக்கே தெரியும். அவ வந்து நின்னா, இவன் காலு போச்சுன்னு பேசுவாங்க. அவளும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டுச் சாகற வரைக்கும் கெடப்பா. இந்தக் காலோடயே போயிடறேன், விடு."

கோபத்தில் படுத்திருக்கிறார் என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். வெயில் அடித்தால் மெத்தைகளை வெளியே உலர்த்துவார்கள், நடக்கக்கூடிய நோயாளிகள் எல்லாம் மெத்தையோடு மெத்தையாகப் புல்லில் காய்வார்கள். வார்டுக்குள் நடக்க முடியாத நாங்கள் இரண்டு பேர் மட்டும். பிலோமினா ஏழாம் நம்பர் டின்னோடு வந்தாள், மேலே வெல்லம் இன்னும் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குச் சர்க்கரை," என்றார் துரைசிங்கம்.

"மருந்தா ரெண்டு கரண்டி கொடுக்கலாம்னு டாக்டரம்மாவே எழுதியிருக்காங்க."

"அவ கொரல் என் வாயில வர வேண்டாம். எடுத்துட்டுப் போ."

"சரி, கரடி இன்னும் இந்தப் பக்கந்தான் சுத்துது. அதுக்குப் போட்டுடறேன்."

அவர் சுவரைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டித் தடுத்தார். பிறகு, "ஒரு பொருள வீணாக்கக்கூடாது. அந்தக் கண்டக்டர் வாயில போடு. எதப் போட்டாலும் அரைக்கிற வாயிதானே," என்றார்.

போட்டாள். அந்த ருசியை என்னவென்று சொல்ல! வாழைப்பழம் வாழைப்பழமாகவும் இல்லை, ரொட்டி ரொட்டியாகவும் இல்லை, ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்தவனுக்கு யாரோ கதவைத் திறந்த மாதிரி ஒரு இளஞ்சூடு. விழுங்கினேன். வாய் தானாகத் திறந்தது. சொல் வரவில்லை. ஒரு பெண்பிள்ளையின் மூச்சு மட்டும் வந்தது, நீளமாக, இழுத்துப் பிடித்து வைத்திருந்த மூச்சு, வந்தது, முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் துரைசிங்கம்.

திரும்பி என்னைத்தான் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக்கூடாது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது என்று தெரிந்தும் ஸ்டாப்பில் நிற்கிற ஆளின் முகம் அது. பிறகு மெதுவாகச் சுவர் பக்கம் திரும்ப ஆரம்பித்தார், இந்தத் தடவை திரும்பினால் இந்த மனுஷன் திரும்பி வரமாட்டார் என்று எனக்குப் பட்டது.

அவள் குரலில் நான் ஏழு சொல் கேட்டிருந்தேன். முப்பத்தோரு வருஷம் விதவிதமான குரல்களை ஏற்றி இறக்கின எனக்கு ஏழு சொல் போதும். வாயில் சூடு இருக்கும்போதே பேசினேன்:

"அப்பா, காலு போனா போகட்டும்ப்பா. நீங்க சொன்ன சொல்லு அதோட தீர்ந்துடும். அப்புறம் நான் உள்ள வரலாம்ல?"

பிலோமினா டின்னிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். துரைசிங்கம் பாதி திரும்பினவர் அப்படியே நின்றார். வெளியே மெத்தையை யாரோ தடியால் அடிக்கிற சத்தம், தொப்பு தொப்பென்று, ஒரு இருபது அடி கேட்டிருக்கும்.

"சிஸ்டரக் கூப்பிடு. பேனா வேணும்," என்றார். "எழுதுற பேனாவான்னு கிறுக்கிப் பாத்துட்டுக் கொண்டாரச் சொல்லு."

அரை மணி நேரத்தில் மெத்தையோடு தூக்கி ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏற்றினார்கள். புல்லில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கையை ஆட்டினார்கள். போகும்போது டாக்டரம்மாவிடம் சொன்னார், மகளுக்குச் சேதி சொல்லுங்கள், ஆனால் கோயமுத்தூருக்கு வர வேண்டாம், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு நான் இங்கேதான் வருவேன், அவளும் இங்கேதான் வரவேண்டும் என்று.

ஜீப் சத்தம் வளைவில் மறைந்ததும் பிலோமினா டின்னோடு என் கட்டிலுக்கு வந்தாள்.

"நல்லாத்தான் பேசினீங்க கண்டக்டரண்ணே."

"நான் எங்க பேசினேன்? பழம் பேசுச்சு."

"பழம் பேசும்போது ஆள் கண்ண மூடிக்குவாங்க. நீங்க முழிச்சுக்கிட்டு அவரையே பாத்தீங்க." கரண்டியை அடிவரைக்கும் விட்டாள். "ஒரு கரண்டியோட எந்திரிக்கக்கூடாது."

எனக்குப் பயம். உண்மையான குரல் வந்து, இனி உங்க முகத்திலயே முழிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? ஒரு மனுஷனை நான் பொய் சொல்லிக் காலை வெட்ட அனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்றேன். வீணாக்கக்கூடாது என்றாள். வாயைத் திறந்தேன்.

கண் தானாக மூடியது. அவள் குரல் வந்தது, நான் போட்ட குரல் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

"நடிக்காதீங்கப்பா. தூங்கும்போது நீங்க கொறட்ட விடமாட்டீங்க, வாயத் தெறந்துக்கிட்டுத் தூங்குவீங்க. வாசல்லதான் நிக்கிறேன், உள்ள வரல. ஒரு தடவ கண்ணத் தெறந்து பாத்தாப் போதும், போயிடறேன்."

பிலோமினா துரைசிங்கத்தின் கட்டிலில், மெத்தை இல்லாத வெறும் இரும்பில் உட்கார்ந்துவிட்டாள். டின்னை மடியில் வைத்துக்கொண்டு, "இத அவர்கிட்ட சொல்லணுமா?" என்றாள்.

"வேண்டாம்."

"இதுதானே நெசம்?"

"நெசந்தான். ஆனா அன்னிக்கே கண்ணத் தெறந்திருந்தா முடிஞ்சிருக்குமேன்னு அவருக்குத் தெரிஞ்சா, வெட்டின காலவிட அது வலிக்கும் பிலோமினா. காலுக்காவது தழும்பு கட்டும்."

 அவள் ஒரு ரொட்டி ஓரத்தால் டின்னின் அடியை வழித்தாள், வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள், அதில் இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தால் அதை யார் கேட்பது என்று யோசித்த மாதிரி இருந்தது, பிறகு அதையும் என் வாயிலேயே போட்டாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பதினாறு நாள் கழித்து துரைசிங்கம் திரும்பி வந்தார். ஏழாம் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்தினார்கள், போர்வை இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாக இருந்தது. நாலு மணிக்கு அவள் வந்தாள். அதே இடம், அதே தூரம், படியைத் தொடாத கால்விரல். ஆனால் கையில் பழம் இல்லை. நெல்லிக்கொம்பை ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு வந்த முதல் ஆள் அவள்தான், அதை வார்டு முழுக்கப் பார்த்தது, ஒருத்தரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

துரைசிங்கம் கண்ணை மூடவில்லை.

"ஏன் அங்கயே நிக்கிறே? நீ சொன்னபடிதானே செஞ்சுட்டு வந்திருக்கேன்."

"நான் என்ன சொன்னேன்ப்பா?"

 சமையல்கட்டு வாசலில் பிலோமினா கரண்டியோடு நின்றாள். நான் என் காலில் போட்டிருந்த மாவுக்கட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவன் போல ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"காலு போனா போகட்டும், உங்க சொல்லு அதோட தீர்ந்துடும், அப்புறம் நான் உள்ள வரலாம்லன்னு நீதான கேட்டே?"

அவள் அவரைப் பார்த்தாள். போர்வை தட்டையாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பிலோமினாவைப் பார்த்தாள். கடைசியாக, மாவுக்கட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், நான் நிமிரவே இல்லை.

"ஆமாப்பா," என்றாள். "நான்தான் கேட்டேன்."

படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

இதை நீங்கள் தாராளமாக நாலு பேரிடம் சொல்லலாம், நெல்லிக்கொம்பையிலேயே போய்ச் சொல்லலாம், அங்கே யாரும் மறுக்கமாட்டார்கள். துரைசிங்கம் இப்போது மகள் வீட்டில்தான் இருக்கிறார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அன்றைக்கு மகள் சொன்ன அந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டுகிறார், அவளும் பக்கத்தில் நின்று ஆமாம் என்கிறாள், இத்தனை வருஷத்தில் அது அவள் சொன்னதாகவே ஆகிவிட்டது. அதனால் ஒரே ஒரு உதவி. யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று யாராவது கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு ஆள், பேரைக் கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டான் என்று சொல்லிவிடுங்கள். எட்டாம் கட்டில் என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள் ஐயா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.